மாதம் 2,500 ரூபாய், பத்தாம் தேதியே காலி: என்ன செய்வது?

கேள்வி: மகனுக்கு 17 வயது, பி.காம். முதலாண்டு படிக்கிறான். தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நாங்கள் 1,500 தருகிறோம். பத்தாம் தேதிக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் அப்பாவின் போனை வாங்கி ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறான். கணக்குப் பார்த்துச் செலவு செய்ய எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில் அப்பாவின் போனை அவன் கையிலிருந்து எடுங்கள். பத்தாம் தேதிக்குப் பிறகும் பணம் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை, ஐந்தாம் தேதி எதற்கு யோசிக்கப் போகிறான்? யுபிஐ பின் நம்பரையும் இன்றே மாற்றுங்கள். அவசரத்துக்கு வேண்டுமென்றால் யுபிஐ சர்க்கிள் வசதி இருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்து அவன் செலவு செய்யலாம், மாத வரம்பை நீங்கள் வைக்கலாம். அதிகபட்சம் 15,000 வரை போகும். நீங்கள் 500 என்று வையுங்கள், போதும்.

அடுத்து, உங்கள் 1,500-ஐ மொத்தமாகத் தராமல் 1-ஆம் தேதி பாதி, 16-ஆம் தேதி பாதி என்று கொடுங்கள். நடுவில் கேட்டால் அடுத்த தவணையில் கழித்துக்கொண்டு கொடுங்கள், சும்மா கொடுக்காதீர்கள். நோட்டுப் போட்டு எழுதச் சொன்னால் ஒரு வாரம் எழுதுவான். அதற்குப் பதில் ஒரே ஒரு செலவை அவன் பொறுப்பில் விடுங்கள்: மொபைல் ரீசார்ஜ். 28 நாள் பேக் போடுகிறவன் வருடத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை கட்டுகிறான். இதை அவனே காலண்டரில் எண்ணிப் பார்க்கட்டும். பேக் முடியும் தேதிக்குப் பணம் ஒதுக்கி வைக்கப் பழகினால் மற்ற செலவுகளும் தானாக வரிசைக்கு வரும்.

கையில் காசில்லாத பையனைத் தேடி வரும் ஆட்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. "உன் அக்கவுண்ட்ல பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தர்றேன்" என்பார்கள். கூடப் படிக்கிறவனே கூட்டிப் போவான், டெலிகிராமிலும் கேட்பார்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். வருவது யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம். ஏமாந்தவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்த உடனே முடக்கப்படுவது உங்கள் மகனின் கணக்குதான். போலீஸ் முதலில் வருவதும் உங்கள் வீட்டுக்குத்தான், ஏனென்றால் பெயரும் முகவரியும் அவனுடையது. கமிஷன் கொடுத்தவன் யார் என்று அவனுக்கே தெரியாது. பட்ஜெட் பாடத்தைவிட முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். உடனடிக் கடன் தரும் ஆப்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அவன் மைனர், ஒப்பந்தம் செல்லாது என்று தைரியமாக இருக்காதீர்கள். உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் போட்டு வாங்கினால் கடன் உங்கள் பெயரில் நிற்கும்.

வங்கிக் கணக்கை அவனே நடத்தட்டும். 10 வயது தாண்டிய பிள்ளைக்குத் தனியாகக் கணக்கு நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொன்னது, 2025 ஏப்ரலில் மறுபடியும் சொன்னது. இருந்தும் கவுண்டரில் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றுதான் அனுப்புகிறார்கள். அப்பா போனால் அவருக்கு ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை விற்கப் பார்க்கிறார்கள். 17 வயதுப் பையனை ஒரு சலான் நிரப்ப விடாதவர்கள், பணம் ஆளத் தெரியாத தலைமுறை என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பாலிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணக்கு வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 18 நிறைந்ததும் மைனர் கணக்குக்குப் புதுக் கையெழுத்து, புது கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) கேட்பார்கள். கொடுக்காவிட்டால் பணம் எடுப்பது நின்றுபோகலாம். பிறந்தநாளுக்கு முன்பே கிளையில் விசாரித்துவிடுங்கள். அந்த நேரத்தில் வேறு வங்கியில் புதுக் கணக்கு திறக்கிறானா, அங்கே ஆதாரை இணைக்கிறானா என்றும் பாருங்கள். ஆதார் எண் வழியே வரும் அரசுப் பணம், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். 1,000 ரூபாய் வரவில்லை என்று அலுவலகம் அலுவலகமாக அலைவதற்கு முன்னால், பணம் அந்தப் புதுக் கணக்கில் கிடக்கிறதா என்று பாருங்கள்.