பலரும் கேட்டிராத, ஆனால் நீங்கள் விரும்பிக் கேட்கும் இசைக்குழு எது?

க்வேபி சிஸ்டர்ஸ். டெக்சாஸைச் சேர்ந்த மூன்று சகோதரிகள்: கிரேஸ், சோபியா, ஹல்டா. மூவரும் ஃபிடில் வாசிப்பார்கள், மூவரும் பாடுவார்கள். கூடவே ஒரு கிடார், ஒரு டபுள் பாஸ். டிரம்ஸ் கிடையாது.

இவர்கள் பாடுவது வெஸ்டர்ன் ஸ்விங். 1930களில் டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்து நடனக் கூடங்களில் வளர்ந்த இசை. நாட்டுப்புற ஃபிடிலோடு ஜாஸும் ப்ளூஸும் கலந்தது. இதன் முன்னோடிகளான பாப் வில்ஸ், மில்டன் பிரவுன் இருவரும் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மாவு மில் விளம்பரத்துக்காக ரேடியோவில் வாசித்த லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ் குழுவில் இருந்தவர்கள். மாவு விற்கப் போன இடத்தில் இப்படி ஒன்று! பிரவுன் 1936இல் கார் விபத்துக்குப் பின் இறந்துவிட்டார். பெயரெல்லாம் வில்ஸுக்கே போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, சகோதரிகளுக்கு வருவோம். கர்நாடகக் கச்சேரியில் இரண்டு பேர் சேர்ந்து பாடினால் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில்தான் சேருவார்கள். இங்கே மூன்று பேரும் ஒரே சொல்லை ஒரே நொடியில் மூன்று ஸ்வரங்களில் பாடுகிறார்கள். மூன்றும் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே நெருங்கி நிற்கும்; மெட்டு ஏறினால் மற்ற இரண்டும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஜாஸ் கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) என்பதால் ச-க-ப என்று நேராக நிற்காமல் தைவதம், நிஷாதம் பக்கமும் போகும். ரசத்தில் புளி சற்றுத் தூக்கலாக இருப்பது போன்ற அந்தச் சுவைக்காகத்தான் நான் கேட்கிறேன். ஸ்விங்கில் சொல் தாளத்துக்குத் துளி பின்னால் விழ வேண்டும். மூன்று குரலும் அதே துளி அளவு தாமதிப்பதுதான் கஷ்டம்.

இவர்களுக்கு அது எப்படி வருகிறது? ஃபிடில்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறு வயதில் ஃபிடில் போட்டிகளில் வாசித்து வளர்ந்தவர்கள். 2003இல் வந்த முதல் ஆல்பம் முழுக்க வாத்திய இசை. பாட்டெல்லாம் அப்புறம்தான். மூன்று வில்லும் ஒன்றாக இழுத்துப் பழகிய பிறகு, மூன்று தொண்டையும் அதே இடத்தில் மூச்சு விடுகின்றன.

டிரம்ஸ் இல்லாத குறையைக் கிடார் தீர்த்துவிடுகிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு தட்டுக்கும் கோர்டை மாற்றி, ஒலியை உடனே அமுக்கி 'செக் செக்' என்று போவது டெக்சாஸ் பாணி. இவர்களுடைய ஆசிரியர் ஜோயி மெக்கென்சியே பல வருடம் கூட வாசித்தார்.

பழைய பாட்டையே திரும்பப் பாடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. 1940களில் வில்ஸின் குழுவில் டீன், எவலின் என்ற மெக்கின்னி சகோதரிகள் பாடிய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபிடிலில் வாசிக்கும் அதே மூவரே இப்படிச் சேர்ந்து ஹார்மனியில் பாடுவது அங்கே இல்லை.

ஆரம்பிக்க 2007இல் வந்த 'டைம்லெஸ்' நல்லது. ஹெட்போனில் கேளுங்கள். மேல் குரல் தானாகவே காதில் விழும், நடுக்குரலைப் பிடிக்கப் பாருங்கள். எனக்கு இன்னும் பாதிப் பாட்டில் நழுவிவிடுகிறது.