நண்பர்களை விட அதிகம் சேமித்திருந்தால் 50 வயதில் வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 49 வயது. கடன் இல்லை. குடும்பத்தின் ஒரு வருடச் செலவைப் போல 14 மடங்கு சேமித்திருக்கிறேன். என் வயது நண்பர்கள் பலரிடம் இரண்டு வருடச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை. 8 சதவீதத்தில் போட்டால் வட்டியே செலவை விட அதிகம் வருகிறது. அடுத்த வருடம் வேலையை விடலாமா? ஆயுள் முழுக்க உத்தரவாத வருமானம் தரும் திட்டத்தில் மொத்தத்தையும் போடச் சொல்கிறார் ஒரு முகவர்.

பதில்: அடுத்த வருடம் வேண்டாம். முதலில் நண்பர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கையில் காசில்லாதவர்கள் 65 வரையாவது வேலை பார்ப்பார்கள். அதுவரை சம்பளம் அவர்களைத் தாங்கும். நீங்களோ 50 வயதிலிருந்து சேமிப்பை மட்டுமே நம்பி 35, 40 வருடம் ஓட்ட வேண்டும். அவர்களிடம் குறைவாக இருப்பதால் உங்களிடம் இருப்பது போதும் என்று ஆகிவிடாது.

வட்டிக்கு வருவோம். வருடச் செலவு 100, கையில் 1400, விலைவாசி ஏற்றம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 100 எடுத்தபின் மீதி 1300 வட்டியோடு 1404 ஆகிறது. இரண்டாம் வருடம் செலவு 106. முடிவில் 1402 இருக்கும். அசல் அப்படியே இருக்கிறதே என்று நிம்மதியாகத் தெரியும். மூன்றாம் வருடம் 1393. அப்புறம் சரிவு வேகமெடுக்கும். 13ஆம் வருடம் செலவு மட்டும் 201. உங்களுக்கு 66 வயதாகும்போது ஏறக்குறைய எல்லாம் தீர்ந்திருக்கும். இதில் வட்டிக்கான வரியை நான் சேர்க்கவில்லை.

இதே கணக்கில் 55 வரை வேலை பார்த்து, வருடத்துக்கு ஒரு வருடச் செலவுத் தொகையைச் சேர்த்தால், இன்றைய விலையில் சுமார் 20 மடங்கு கையில் இருக்கும். அது 80 வயது வரை வரும். ஐந்து வருட வேலை 14 வருடச் செலவை வாங்கித் தருகிறது.

25 மடங்கு போதும் என்றும் சிலர் சொல்வார்கள். அது 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து, பணம் 30 வருடம் தாங்குவதற்காகப் போட்ட கணக்கு. 50 வயதில் விடுபவர் 30 மடங்குக்கு மேல் இலக்கு வைப்பதுதான் சரி என்பேன்.

இனி அந்த முகவர். தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 100 கொடுத்தால் வருடத்துக்கு 7 ஆயுள் முழுக்க, அசல் திரும்பாது என்று ஒரு திட்டம் இருந்தால், நீங்கள் போட்ட 100 உங்களிடமே திரும்பி வரவே 14 வருடம் தாண்டிவிடும். அதற்குள் விலைவாசி இரட்டிப்பாகியிருக்கும். 7 என்பது அதே 7தான். "உத்தரவாதம்" தொகைக்குத்தான், அது என்ன வாங்கும் என்பதற்கு இல்லை. மூன்றாம் வருடம் வெளியே வந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இதில் முகவருக்கு எவ்வளவு கமிஷன் என்ற இரண்டையும் எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்வது கணக்கில் வராது. விற்பவரின் பங்கை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வைக்க இத்தனை வருடமாக யாருக்கும் மனம் வரவில்லை. பொடி எழுத்தில் தேடுவது வாங்குகிறவர் பாடாகிவிட்டது.

அடுத்த வருடம் வேண்டாம் என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு: விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியம். அது 60 வயதில் தொடங்கி முழுச் செலவையும் பார்த்துக்கொள்ளும் என்றால், இடையிலுள்ள பத்து வருடத்துக்குத்தான் உங்களுக்குப் பணம் வேண்டும். 14 மடங்கு தாராளம். முக்கால் பங்கு செலவைத்தான் தாங்கும் என்றால், பத்து வருடத்துக்கு 10 மடங்கு, 60க்குப் பிறகு 30 வருடத்துக்கான மீதிக் கால் பங்குக்கு, மேலே சொன்ன 25 மடங்கில் கால்வாசியாக ஆறேகால். ஆக 16 தாண்டுகிறது, துண்டு விழும். ஆனால் உங்கள் கையிலுள்ள ஓய்வூதிய மதிப்பீடு பெரும்பாலும் நீங்கள் கடைசி வரை வேலை பார்ப்பீர்கள் என்று போட்டதாக இருக்கும். கடைசிச் சம்பளத்தையும் பணி வருடங்களையும் வைத்துக் கணக்கிடும் திட்டமானால், 50இல் விலகும்போது இரண்டுமே குறையும். விலைவாசிக்கேற்ப உயருமா என்பதையும் விதியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். உயராது என்றால் இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை. "50 வயதில் நின்றால் 60இல் எவ்வளவு?" என்று எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு எண்ணுக்காக மாதக்கணக்கில் அலைய விடுவார்கள், அது கொடுமைதான். எழுத்தில் வரும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.