பெரும்பணக்காரர் காசை எங்கே போடுகிறார்கள்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கையில 8 இலட்சம் இருக்கு. உலகத்துப் பெரிய பணக்காரர் போடுற இடத்திலயே நானும் போடலாமெண்டு யோசிக்கிறன். அவை எங்க போடுகினம்? (ஒட்டுசுட்டான்)

பதில்: அவர்களில் பலருடைய செல்வத்தின் பெரும்பகுதி தாங்களே வளர்த்த கம்பனியின் பங்குகள்தான். அதைப் பார்த்துச் செய்ய முடியாது. மிச்சக் காசை என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அமெரிக்கப் பெரும்பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் மனைவிக்கு விட்டுச்செல்லும் காசை எப்படிப் போட வேண்டும் என்று 2013க்கான பங்குதாரர் கடிதத்தில் எழுதியிருந்தார். 90% அமெரிக்காவின் 500 பெரிய கம்பனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும், கட்டணம் குறைந்த சுட்டெண் நிதியத்தில். 10% குறுங்கால அரச பிணையங்களில்.

அந்த 90 உங்களுக்கு ஆகாது. பங்கு பாதி விலைக்கு விழுந்தாலும் அந்த வீட்டில் அடுப்பெரியும். நீங்கள் முதலில் 6 மாத வீட்டுச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். காலபோக விதைப்புக்கு எடுக்கிற காசை 91 அல்லது 182 நாள் திறைசேரி உண்டியலில் (அரசு குறுங்காலக் கடன் வாங்கும் பத்திரம்) போடலாம். வட்டி முன்கூட்டியே கழிபடும். 8% விளைவென்றால், 364 நாளில் 10 இலட்சம் தரும் உண்டியலை ஏறக்குறைய 926,100 ரூபாய்க்கு வாங்குவீர்கள். அது மத்திய வங்கியின் பிணையப் பதிவேடான லங்காசெக்யூரில் உங்கள் பெயரில் பதிவானதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். 5 வருடம் தொடத் தேவையில்லாத காசு மட்டும் பங்குக்குப் போகட்டும்.

கேள்வி: நகையும் முதலீடுதானே? (புதுக்குடியிருப்பு)

பதில்: இல்லை. கூலியைக் கேளாமல் நான் வாங்கிய சங்கிலியை விற்றபோது, செய்கூலியும் சேதாரமும் ஒரு சதம் திரும்பவில்லை.

கேள்வி: கோடீஸ்வரர் போடுற ஹெட்ஜ் பண்ட் எங்களுக்கும் கிடைக்குமோ? (வவுனியா)

பதில்: கிடைக்காது. அது பெரும்பணக்காரரின் காசைச் சேர்த்து முதலிடும் தனியார் நிதியம். கிடைத்தாலும் முதலில் கட்டணத்தைப் பாருங்கள். யாரும் கேளாமல் விடுவது இதைத்தான். அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்த கட்டணம் வருடத்துக்கு முதலீட்டில் 2%, இலாபத்தில் 20%. சுட்டெண் நிதியம் ஹெட்ஜ் பண்டை வெல்லும் என்று பஃபெட் 2008 முதல் 2017 வரை பந்தயம் பிடித்தார். முதல் 9 வருடத்தில், 2016 முடிவு வரை, அவருடைய சுட்டெண் நிதியம் வருடத்துக்கு 7.1% தந்தது. எதிராளி தெரிவுசெய்த ஹெட்ஜ் பண்ட் தொகுப்புகள் சராசரி 2.2% தந்தன. ஒரு இலட்சம் ரூபாய் 9 சதவீதத்தில் 20 வருடத்தில் 560,000 ஆகும். கட்டணத்துக்கு 2% போய் 7 ஆனால் 387,000 தான். பலருடைய காசைச் சேர்த்து முதலிடும் உள்ளூர் யூனிட் ட்ரஸ்டில் சேருமுன்னும் முகாமைக் கட்டணம், நுழைவுக் கட்டணம், வெளியேறும் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்கிற ஆளிடம் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெரிய முதலாளிமார் காணிதானே வாங்குகினம். நானும் 2 ஏக்கர் சத்தியக்கடதாசி எழுதி வாங்கினன். இப்ப உறுதி எழுதேலாதாம். (கிளிநொச்சி)

பதில்: காசைக் கொடுத்த பிறகா உறுதியைக் கேட்பது? முதலாளிமார் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பார்த்த பிறகுதான் முற்பணமே கொடுப்பார்கள். உங்களுடையது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் விற்கவே முடியாது. அளிப்புப் பத்திரக் காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. பத்திரத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்குப் போய் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு காசைத் திரும்பப் பெற சட்டத்தரணியைப் பாருங்கள். புதிதாக வேலி அடைக்கச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: மாதம் 10% தாறமெண்ட செயலியில 5 இலட்சம் போட்டன். மூன்று மாதம் வந்தது, பிறகு நிண்டுட்டுது. வீட்டில சொல்லேல்ல. (மாங்குளம்)

பதில்: வீட்டில் இன்றைக்கே சொல்லுங்கள். தவறு உங்களுடையதில்லை. 2008இல் பிடிபட்ட அமெரிக்க நிதி மோசடிக்காரர் மேடாஃபிடம் ஏமாந்தவர்களில் படித்த பெரும்பணக்காரரும் இருந்தார்கள். அங்கும் புதியவர் போட்ட காசுதான் பழையவருக்கு இலாபமாகப் போனது. மாதம் 10% கூட்டுவட்டியில் ஒரு இலட்சம் 12 மாதத்தில் 313,800 ஆக வேண்டும். நேர்மையான எந்தத் தொழிலும் இதை மாதாமாதம் உறுதியாகத் தராது.

வங்கிச் சீட்டு, குறுஞ்செய்தி, சேர்த்துவிட்டவரின் தொலைபேசி இலக்கம், திரைப்பிடிப்புகள் எல்லாவற்றையும் அச்செடுத்துப் பொலிஸில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள மத்திய வங்கிப் பிராந்திய அலுவலகத்துக்கும் பிரதி கொடுங்கள். இப்படிப் புதியவர் காசில் ஓடும் பிரமிட் திட்டத்தை வங்கித்தொழில் சட்டம் தடைசெய்கிறது. காசை விடுவிக்க வரி கட்டச் சொல்லி யாராவது தொலைபேசி எடுத்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அது இரண்டாவது களவு.

கேள்வி: ஒரு நிதிக்கம்பனியில 30 இலட்சம் நிலையான வைப்பு. பயமில்லையே? (நெடுங்கேணி)

பதில்: 19 இலட்சத்துக்குப் பயமிருக்கிறது. நிறுவனம் முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், வட்டியும் சேர்த்து 11 இலட்சம் வரைதான். அதுவும் மத்திய வங்கியின் உரிமம் பெற்ற இடமென்றால் மட்டும். கூட்டுறவுக் கிராமிய வங்கி இதற்குள் வராது. முதிர்வு வரும்போது மூன்று நிறுவனங்களுக்குப் பிரித்துப் போடுங்கள்.