பாட்டில் பீப் அடித்த பிறகு: ரத்தக் கல்ச்சரும் மால்டி-டாஃப் மெஷினும்

நோயாளியின் ரத்தத்தை ஊட்டக் கரைசல் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் ரத்தக் கல்ச்சர். வளர்ந்தால் பாட்டில் பாசிட்டிவ், கருவி பீப் அடிக்கும். அந்தப் பாட்டிலிலிருந்து கிருமியின் பெயரை மால்டி-டாஃப் என்ற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை எடை போடும்) மெஷின் அரை மணி நேரத்தில் சொல்லும் முறை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் வேலை மைக்ரோபயாலஜி லேபில். தினமும் கையாளும் விஷயம் இது.

மேடம், நான் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமா) படிக்கிறேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கெமிஸ்ட்ரிக்காரர்களின் மெஷின் ஆயிற்றே, அது எப்படி பாக்டீரியாவின் பெயரைச் சொல்லும்?

எடை போட்டுத்தான், தங்கை. ஸ்டீல் பிளேட்டில் கிருமியைத் தடவி, மேலே ஒரு மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் (லேசரின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் கரைசல்) வைத்துக் காயவிடுகிறோம். லேசர் பட்டதும் கிருமியின் புரதங்கள் மின்னூட்டத்தோடு கிளம்பி வெற்றிடக் குழாயில் பறக்கும். லேசானது முதலில் போய்ச் சேரும், கனமானது பின்னால் வரும். 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை உள்ளவற்றைத்தான் பார்க்கிறோம். பெரும்பாலும் ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் அமைப்பு) புரதங்கள். ஒவ்வொரு எடைக்கும் திரையில் ஒரு கோடு எழும்பும். அந்தக் கோடுகளின் வரிசை இனத்துக்கு இனம் மாறும். மெஷின் அதைத் தன் நூலகத்தோடு (தெரிந்த கிருமிகளின் பதிவுகள்) ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது. எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒரு ஸ்கோரும் தருகிறது.

புரதத்தை உடைக்காமல் லேசரால் பறக்கவிட்டதற்காகத்தான் ஜப்பானின் கொய்ச்சி தனாகாவுக்கு 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோபால்ட் பொடியில் கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டு, வீணாக்க மனமில்லாமல் அதையே சோதித்துப் பார்த்தவர் அவர். நாம் இன்று வைக்கும் அமில மேட்ரிக்ஸ், ஜெர்மனியின் ஹில்லன்காம்ப், காராஸ் இருவரின் வழியில் வந்தது.

பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து நேரடியாகச் செய்தால் ஸ்கோர் 1.5-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. காலனியிலிருந்து (தட்டில் வளர்ந்த கிருமித் திட்டு) செய்தால் 2.2 வருகிறது. எங்கே தப்பு?

முதலில் உங்கள் பெல்லெட்டின் (சுற்றிய பிறகு குழாயின் அடியில் தங்கும் படிவு) நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அதன் கோடுகள் 15,000 டால்டனுக்குச் சற்று மேலே, நாம் பார்க்கும் எல்லைக்குள்ளேயே வந்து உட்காரும். கிருமியின் கோடுகள் அதன் கீழே அமுங்கிப்போகும்.

அதனால் சிவப்பணுக்களை உடைக்கும் கரைசலில் நன்றாகக் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல்நீரைக் கடைசிச் சொட்டு வரை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை கழுவுங்கள். பெல்லெட் சாம்பல் கலந்த வெள்ளைக்கு வர வேண்டும். அப்புறம் கிருமியின் புரதத்தை வெளியே எடுக்க எத்தனால், ஃபார்மிக் அமிலம், அசிட்டோநைட்ரைல். கிராம் ஸ்டெயின் என்ற சாயச் சோதனையில் ஊதாவாகத் தெரியும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளின் சுவர் தடிமன். ஃபார்மிக் அமிலப் படியைச் செய்யாமல் விட்டால் ஸ்கோர் வராது.

காலனிக்கு 2.0 என்பது இனத்தை உறுதியாகச் சொல்லும் வழக்கமான கோடு. நேரடி முறையில் கொஞ்சம் தாழ்ந்த ஸ்கோரை ஏற்கும் லேப்கள் உண்டு. ஆனால் உங்கள் லேபிலேயே சரிபார்த்த பிறகுதான். அதுவும் ஒத்துவரவில்லையா, சாக்லேட் அகாரில் (சூடாக்கிய ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டு) போட்டு நாலைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்கு லேசான மூட்டம் போலத் தெரிந்தாலே போதும், அதைச் சுரண்டி வைக்கலாம். மறுநாள் காலை வரை காத்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். கிருமி பெயர் தெரிந்துவிட்டது, எந்த மருந்து கேட்கும் என்பது நாளைக்குத்தான் என்கிறார்கள். ஏன் டாக்டர்?

அவர்கள் சொல்வது சரிதான் அம்மா. பெயர் வேறு, சென்சிடிவிட்டி (எந்த மருந்து கேட்கும் என்பது) வேறு. மருந்தோடு கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் இரண்டாவது தெரியும். ஆனால் பெயர் மட்டும் தெரிந்தாலும் பெரிய விஷயம்.

ஒரு நாள் இரவு 2 மணிக்கு ஒரு பாட்டில் பீப் அடித்தது. கிராம் ஸ்டெயினில் சின்னச் சின்னச் சங்கிலிகள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரியே இருந்தது. நோயாளிக்கு செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்சோன் போய்க்கொண்டிருந்தது. மெஷின் சொன்ன பெயர் என்டரோகாக்கஸ் ஃபீசியம். அதற்கு செஃபலோஸ்போரின் இயல்பாகவே கேட்காது. நான் போன் செய்த பத்து நிமிடத்தில் வார்டில் வான்கோமைசின் ஏற்றத் தொடங்கினார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படிப்பட்ட ரிப்போர்ட் பிரின்ட் ஆகி விடியும்வரை தட்டிலேயே கிடக்கும். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஹவுஸ் சர்ஜன் கேட்கிறேன்: எந்தப் பெயரை நம்பக் கூடாது?

நிமோனியா தரும் நியூமோகாக்கஸும் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸும் மெஷினுக்கு ஒன்றுபோலத் தெரியும். பைல் (பித்த உப்பு) கரைதிறன் அல்லது ஆப்டோச்சின் என்ற தனிச் சோதனை பார்க்க வேண்டும். ஈ. கோலை, ஷிகெல்லா இரண்டையும் பிரிக்காது. சால்மொனெல்லா என்று வந்தால் டைஃபாய்டா என்பதை ஆன்டிசீரம் (அந்தக் கிருமியோடு மட்டும் சேரும் எதிர்ப்பொருள்) போட்டுத்தான் சொல்ல முடியும். ஒரே பாட்டிலில் இரண்டு கிருமி இருந்தால் அதிகமாக இருப்பது மட்டும் தெரிந்து மற்றது ஒளிந்துகொள்ளும். அதனால் கிராம் ஸ்டெயினோடு ஒத்துப்போகாத பெயரை நான் வெளியே விடுவதில்லை.

மழைக்காலத்தில் சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சல், ரிப்போர்ட்டில் பர்க்ஹோல்டெரியா தாய்லாண்டென்சிஸ் என்று வந்தால் அப்படியே நிறுத்துங்கள். நூலகத்தில் மெலியோய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஒரு கிருமியால் வரும் ஆபத்தான நோய்) கிருமியின் பதிவு இல்லாதபோது மெஷின் இந்தப் பெயரைச் சொல்லும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மெலியோய்டோசிஸ் உண்டு. அந்தக் கிருமி வளர்ந்த தட்டைத் திறந்த மேசையில் வைத்து முகர்ந்து பார்க்காதீர்கள். பாதுகாப்புக் கேபினட்டுக்குள் கொண்டுபோங்கள்.

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் இந்த மெஷின் வாங்க வழியில்லை. என்ன செய்வது?

ஆன்டிபயாடிக் போடும் முன்னால் ரத்தம் எடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு கைகளிலிருந்தும் ஒவ்வொரு செட். பல இடங்களில் 3 மில்லிதான் வருகிறது. அதில் கிருமி வளராவிட்டால் எந்த மெஷினுக்கும் வேலையில்லை. பாட்டில் பீப் அடித்ததும் கிராம் ஸ்டெயின் பார்த்து, எந்த நேரமானாலும் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். காலனி வந்ததும் பக்கத்து ஊர் பெரிய லேபுக்கு அனுப்பலாம். அனுப்பும்போது கிராம் ஸ்டெயின் முடிவையும் எழுதி அனுப்புங்கள்.