படப்பெட்டியும் புளித்த வாடையும்: மலேசியத் திரைப்பட வரலாறு குறித்துக் கேள்வி பதில்

கோலாலம்பூரில் இருபத்தாறு ஆண்டுகள் பழைய படச்சுருள்களைத் துடைத்தும் ஒட்டியும் பிழைத்தவன் நான். நம் நாட்டுத் திரைப்பட வரலாறு, அதைக் காட்சிக்கு வைக்கும் இடங்கள், வீட்டில் கிடக்கும் பழைய ரீல்கள் ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செந்தூல் ஆசிரியை: பி. ரம்லி நினைவகத்திற்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் உள்ள அந்த வீட்டில்தான் மலாய்த் திரையுலகின் புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமான ரம்லி இறுதிக் காலத்தில் வாழ்ந்தார். 1973 மே 29 அன்று, 44 வயதில் அவர் மறைந்தார். 1986இல் அவ்வீடு நினைவகமாயிற்று. பினாங்கு செல்வோர் அவர் பிறந்த மரவீட்டையும் ஜாலான் பி. ரம்லியில் காணலாம். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சட்டையை நூறு ஆண்டு காப்பது எளிது, அந்தச் சட்டையை அணிந்து அவர் நடித்த படத்தின் நெகட்டிவைக் காப்பதுதான் பெரும்பாடு என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: காலஞ்சென்ற அப்பாவின் அலமாரி மேல் துருப்பிடித்த மூன்று டப்பாக்கள் உள்ளன. புளித்த வாடை வருகிறது. திறந்து பார்க்கலாமா?

வீட்டுக்குள் திறக்காதீர்கள். அந்த வாடை அசிட்டேட் படச்சுருள் சிதைவதன் அடையாளம். சிதையும்போது வெளிப்படும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். அருகிலுள்ள நல்ல சுருள்களையும் அது பிடிக்கும். தகரக் கூரைக்கடியில் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் ஒருமுறை திறந்த டப்பாவில் ஆயிரம் அடிச் சுருள், அதாவது ஏறத்தாழ பதினொரு நிமிடப் படம், கருப்பட்டி அச்சைப் போல ஒரே கட்டியாக இறுகியிருந்தது. ஓரத்தை நகத்தால் தொட்டதும் படலம் தவிடாக உதிர்ந்தது.

முதலில், வெளியே காற்றோட்டமான நிழலில் கையுறை அணிந்து மூடியைத் தளர்த்துங்கள். சுருளைப் பிரிக்காமல் அகலத்தை மட்டும் அளவுகோலால் பாருங்கள். 16 மில்லிமீட்டர் என்றால் ஓரளவு நிம்மதி. அந்த அளவு தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத படலத்தில்தான் தயாரிக்கப்பட்டது. 35 மில்லிமீட்டராக, 1950களின் தொடக்கத்திற்கு முந்தியதாக இருந்து, தேன்நிறப் பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் அது எளிதில் தீப்பற்றும் பழைய வகைப் படலமான நைட்ரேட்டாக இருக்கலாம். நைட்ரேட் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருவதால் தண்ணீருக்குள்ளும் எரியும். அப்படியே வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: பழைய ரீல் ஒன்று என்ன விலைக்குப் போகும்?

நான் விலை சொல்வதில்லை.

கிள்ளான் வாசகர்: மலாய்த் திரைப்படத்தை உருவாக்கியவர்களே தமிழர்கள்தாம் என்று சொல்லலாமா?

ஆசை புரிகிறது, ஆனால் கணக்கு அப்படி வராது. முதல் மலாய்ப் பேசும்படமாகக் கருதப்படும் ‘லைலா மஜ்னுன்’ படத்தை 1933இல் இயக்கியவர், இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ். 1956இல் ‘ஹாங் துவா’வை இயக்கிய ஃபணி மஜும்தார் வங்காளி. சென்னையிலிருந்து வந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணனைப் பற்றி நாம் பெருமை கொள்ளலாம். 1950இல் ‘பக்தி’யில் ரம்லிக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் தந்தவர் அவரே. இந்தியாவின் பல மொழிக்காரர்கள், சீன முதலாளிகள், மலாய்க் கலைஞர்கள் எல்லாரும் கூடிக் கட்டிய வீடு அது.

ஜொகூர் பாரு வாசகர்: ரம்லியின் புகழ்பெற்ற படங்கள் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் எடுக்கப்பட்டவை. அவை எப்படி மலேசியப் படங்களாகும்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் (மேற்படி கேள்விக்கு மறுப்பாக): அன்று எல்லை ஏது? மலாயாவின் சொத்து மலேசியாவின் சொத்துதான்!

இவ்விருவரும் அனுப்பிய பதினான்கு மடல்களுக்குப் பிறகு நானும் வாய் திறக்க வேண்டியுள்ளது. ஷா சகோதரர்களின் கலையகம் 1967 வரை ஜாலான் அம்பாஸில் இயங்கியது. சிங்கப்பூர் பிரிந்ததோ 1965இல். ரம்லி அதற்கு முன்பே, 1964இல், கோலாலம்பூர் வந்து உலு கிளாங்கின் மெர்டேக்கா கலையகத்தில் படமெடுக்கத் தொடங்கினார். எடுத்த இடத்தை வைத்துப் பார்த்தால் ஜொகூர்க்காரர் சொல்வது சரி. மொழியையும் பார்த்தவர்களையும் வைத்துப் பார்த்தால் பிரிக்பீல்ட்ஸ்காரர் சொல்வது சரி. எனக்கு இந்த வழக்கில் அக்கறை குறைவு. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் ‘பொந்தியானாக்’ 1957இல் கூட்டம் கூட்டமாக மக்களை இழுத்த மலாய்ப் பேய்ப்படம். அதன் பிரதி இன்று இரு நாட்டிலும் இல்லை. தயாரிப்பாளரே அதைக் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. யாருடைய படம் என்று சண்டையிட முதலில் படம் இருக்க வேண்டும் அல்லவா? அதே கேத்தே-கெரிஸின் எஞ்சிய மலாய்ப் படத் தொகுப்பைச் சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் காத்து வருகிறது என்பதையும் ஜொகூர்க்காரரின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

பதினைந்தாவது மடல் வேண்டாம்.

ஈப்போ வாசகர்: அறுந்த ரீலைச் செலோ டேப்பால் ஒட்டலாமா?

கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அறுந்தது அறுந்தபடியே இருக்கட்டும்.

ஷா ஆலாம் வாசகர்: மும்பை செல்கிறோம். அங்குள்ள இந்தியத் திரைப்பட தேசிய அருங்காட்சியகத்தைப் பார்க்க அரை நாள் போதுமா?

போதாது. அது 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெட்டர் சாலையில் குல்ஷன் மஹால் என்ற பழைய மாளிகை ஒன்றிலும் புதிய கட்டடம் ஒன்றிலும் காட்சிகள் உள்ளன. மாளிகையை முதலில் பாருங்கள். மௌனப் படப் பகுதியில் சற்று நில்லுங்கள்: நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ உட்பட, அக்காலத்தில் எடுக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலான படங்கள் அழிந்துவிட்டன.

ரவாங் வாசகர்: எங்களிடம் ஒரு ரீல் உள்ளது, விலை...

பாயான் லெப்பாஸ்காரருக்குச் சொன்னதே.

பட்டர்வொர்த் வாசகர் (மீண்டும்): ஐயா, வெளியே வைத்துத் திறந்தேன். அகலம் 16 மில்லிமீட்டர். மூடியின் உட்புறத்தில் அப்பாவின் கையெழுத்தில் ‘தோட்டத் திருவிழா, இரண்டாம் நாள்’ என்று இருக்கிறது. புரொஜெக்டர் எங்கே கிடைக்கும்?

புரொஜெக்டரை மறந்துவிடுங்கள், சுருங்கிய படலத்தின் துளைகளை அதன் பற்கள் கிழித்துவிடும். மூடியில் உள்ள எழுத்தை இன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள். துரு அதையும் தின்றுகொண்டிருக்கிறது. தோட்டத்தின் பெயர், தோராயமான ஆண்டு, யார் எடுத்தது ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாடை வீசும் டப்பாவை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்து, தரைத்தளத்தில் குளிர்ந்த அறை ஒன்றில் படுக்கை வாட்டில் வைத்துவிட்டு, கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற்கு எழுதுங்கள். முதல் நாள் திருவிழா எந்த டப்பாவில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.