ஐசியூ திரையில் ஓடும் எண்கள்: தலைக்காயம் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணனுக்குத் தலையில் பலத்த அடி டாக்டர். மண்டைக்குள் ஒயர் வைத்து அழுத்தம் பார்க்கிறார்கள். 18, 24 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: 22 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் குறைக்கப் பார்ப்போம். ஆனால் இருமினாலோ சளி உறிஞ்சினாலோ சட்டென்று ஏறி இறங்கும், அதற்குப் பதற வேண்டாம். இறங்காமல் அப்படியே நிற்பதுதான் கெடுதல். மண்டையோடு விரியாது இல்லையா, மூளை வீங்க வீங்க ரத்தம் உள்ளே போவது கஷ்டமாகிறது. அதனால் சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து இந்த எண்ணைக் கழித்து, மிச்சம் 60-70 இருக்கிறதா என்று பார்ப்போம். என்னைக் கேட்டால் அந்த மிச்சத்தைத்தான் நீங்களும் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: முதல் நாளே பிபி 80க்குப் போய்விட்டது. பாதிக்குமா?

பதில்: பாதிக்கலாம். மேல் எண் 90க்குக் கீழே ஒரே ஒரு தடவை போனவர்களிடம்கூட இறப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1993லேயே ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு, உங்கள் ஒருவருடைய ஜாதகம் இல்லை.

கேள்வி: இங்கே ஒயர் வசதியே இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றணுமா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். பொலிவியாவிலும் எக்வடாரிலும் 324 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. ஒயர் வைத்தவர்களுக்கும், ஸ்கேனும் நேரடிப் பரிசோதனையும் வைத்தே சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஆறு மாதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒயர் வீண் என்று சிலர் இதைத் திரிக்கிறார்கள், தப்பு. இரண்டு பக்கமும் ஐசியூவில் விடாமல் கவனித்தார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இன்று மூன்றாம் நாள். "நம்பிக்கை வைக்காதீங்க" என்கிறார்கள்.

பதில்: சரி, முதலில் மயக்க மருந்து இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால், அவர் அசையவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்புறம் கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று கேளுங்கள், முதல் நாள் எண்களைவிட நான் அதைத்தான் அதிகம் நம்புவேன். 2021இல் வந்த அமெரிக்க ஆய்வில், இரண்டு வாரம் கழித்தும் சுயநினைவின்றிக் கிடந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நினைவு திரும்பியது. ஆனால் நாள், இடம் தெரிந்து பேசும் அளவுக்குத் தேறியவர்கள் கால்வாசிப் பேர்தான். அதனால் மூன்றாம் நாளே கைவிடச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று தைரியமாகக் கேளுங்கள்.