முகத்துக்குப் பூசும் மண்ணா?

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை முல்தானி மிட்டியால் சுத்தம் செய்வார்களாமே, நிஜமா? – ஒரு வாசகி, கரூர்

பதில்: நிஜம்தான் அம்மா. அதே இனத்து மண். டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்க்கும் நாங்கள் ஃபுல்லர்ஸ் எர்த் என்போம். அந்தக் காலத்தில் கம்பளித் துணியின் எண்ணெய்ப் பிசுக்கை இதை வைத்து எடுத்த தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் ஃபுல்லர் என்று பேர்; அதனால் வந்த பெயர். டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அமிலம் சேர்ந்து, வண்டல் படிந்து, டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதைச் சூடாக்கி, மண் நிரப்பிய உருளை வழியாகத் திரும்பத் திரும்ப ஓட விடுவோம். அமிலமும் வண்டலும் மண்ணின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். அட்டபுல்கைட் என்ற வகையில் ஒரு கிராமுக்குள்ளேயே 100 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு! எண்ணெய் மெல்ல வெளிர் மஞ்சளாவதைப் பார்ப்பதே தனி சுகம்.

ஒருமுறை மழையில் நனைந்த மூட்டையைக் கவனிக்காமல் கொட்டிவிட்டேன். துளையெல்லாம் தண்ணீர், அமிலத்துக்கு இடமேது? ராத்திரி முழுக்கப் பட்டபாடு வீண்.

அப்புறம், இந்த மண் நல்லதையும் பிடுங்கிவிடும். எண்ணெய் கெடாமல் காக்கும் டிபிபிசி என்ற மருந்தைக் கடைசியில் 0.3 சதவீதம் வரை புதிதாகச் சேர்ப்போம். வேலை முடிந்த மண்ணை மட்டும் முகத்துக்குக் கேட்காதீர்கள்!